வாயில் தண்ணீரோடு நடக்கும் குழந்தை: டிஸ்டோப்பியா கதைக்குள் ஒரு குழந்தையைக் கொண்டுவருவது எப்படி?

என் முதல் அறிவியல் கதையை ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பியிருந்தேன். தண்ணீரை அரசாங்கம் அட்டை போட்டு அளந்து கொடுக்கும் ஓர் ஊர். அந்த ஊரில் ஆறு வயதுப் பெண் குழந்தை. வெள்ளைக் கவுன், பெரிய கண்கள். கதை முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், கடைசியில் இறந்துபோவாள். இரண்டு மாதம் கழித்துக் கைப்பிரதி திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி: "இந்தக் குழந்தைக்குப் பசிக்கவே பசிக்காதா?"

அப்போது நான் ஓர் ஊராட்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பத்தரை மணிக்கே "டீச்சர், சாப்பாட்டு மணி எப்ப அடிக்கும்?" என்று கேட்கிற முப்பது பிள்ளைகளோடு தினமும் இருந்தேன். அவர்களில் ஒருத்தியைக்கூட என் கதைக்குள் விடவில்லை என்பது அந்த வரியைப் படித்த பிறகுதான் உறைத்தது. இன்றும் அதே வகுப்புதான் எடுக்கிறேன். கூடவே, புதிதாக எழுதுகிறவர்களின் கைப்பிரதிகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். அந்த வெள்ளைக் கவுன் குழந்தை வேறு வேறு பெயரில் இன்னும் வந்துகொண்டே இருக்கிறாள். எனக்கு அவளைப் பற்றி நிஜமாகவே கவலை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிஸ்டோப்பியா கதை என்றால், கெட்டுப்போன ஒரு சமூகத்தைக் கட்டி அதற்குள் நம்மை நடக்கவிடும் கதை. அங்கே குழந்தை எதற்கு? பெரியவர்கள் பழகிவிட்டார்கள். வரிசையில் நிற்கப் பழகிவிட்டார்கள், குரலைத் தாழ்த்திப் பேசப் பழகிவிட்டார்கள். அந்த உலகம் எவ்வளவு கெட்டது என்று அவர்களை வைத்துச் சொல்ல முடியாது. இன்னும் பழகாத ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் குழந்தை. அளவுகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அளவுகோலை மட்டும் எழுதினால் கதையில் மரக்கட்டைதான் மிஞ்சும். முதலில் அது சாப்பிட்டுத் தூங்கி அடம்பிடிக்கிற குழந்தையாக இருக்க வேண்டும். குறியீடு அதற்கு மேல் தானாக வந்து உட்காரும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? "இந்தக் குழந்தைக்கு எது தெரியாது?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். "ஒன்றும் தெரியாத குழந்தை" என்று எழுதினால் வாசகர் மனதில் எதுவும் நிற்காது. தெரியாத ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த உலகத்தின் சட்டம் எதுவோ, அதில் நேராகப் போய் முட்டுகிற ஒன்றாக அது இருக்கட்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது லோயிஸ் லௌரி 1993இல் எழுதிய 'தி கிவர்'. வலி, நிறம், இசை, பழைய நினைவுகள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து அமைதியை வாங்கிக்கொண்ட ஒரு சமூகம். அங்கே கேப்ரியல் என்று ஒரு கைக்குழந்தை. அவனுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: ராத்திரி முழுக்கத் தூங்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. நடு ராத்திரியில் விழித்து அழுகிறான். எந்த வீட்டிலும் நடக்கிற விஷயம். ஆனால் அந்த ஊரில் சரியாக வளராத, ராத்திரி தூங்காத குழந்தை 'விடுவிக்கப்படும்'. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்பதில்லை.

லௌரி செய்திருப்பதை நிதானமாகப் பாருங்கள். கேப்ரியலைப் பற்றி அவர் உயர்த்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதாநாயகன் ஜோனஸின் அப்பா குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவர். தூங்காத இந்தக் குழந்தைக்கு இன்னொரு வருஷம் தவணை வாங்கி, ராத்திரிகளில் வீட்டுக்குத் தூக்கிவருகிறார். இவனிடம் பாசம் வைக்க மாட்டோம் என்று வீட்டில் எல்லோரும், ஜோனஸின் குட்டித் தங்கை உட்பட, எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு காகிதம் போதும், அது எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்துவிடுகிறது. இவனோ அதே வீட்டில் பொம்மை நீர்யானையைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். ஜோனஸ் ஊரின் பழைய நினைவுகளை வாங்கிச் சுமக்கப் பயிற்சி பெறுகிறவன். ஒரு ராத்திரி அவன் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுக்கும்போது, தனக்குள் இருந்த ஏரிப் படகின் நினைவு கை வழியாகக் குழந்தைக்குப் போய்விடுகிறது. குழந்தை தூங்கிவிடுகிறது.

பிறகு ஜோனஸ் ஒரு விடுவிப்பின் ஒளிப்பதிவைப் பார்க்கிறான். இரட்டையாகப் பிறந்த குழந்தைகளில் எடை குறைந்ததன் நெற்றி நரம்பில் அவன் அப்பா ஊசி போடுகிறார். குழந்தையைக் கொஞ்சுகிற அதே ராகமான குரலில் பேசிக்கொண்டே போடுகிறார். 'விடுவிப்பு' என்றால் என்ன என்று அவனுக்கு அப்போதுதான் தெரிகிறது. அதற்கப்புறம், கேப்ரியலையும் நாளைக் காலை விடுவிக்கப் போகிறார்கள், தானும் அதற்கே ஓட்டுப் போட்டேன் என்று அதே அப்பா ராத்திரிச் சாப்பாட்டின்போது சாதாரணமாகச் சொல்கிறார். ஊரைவிட்டுப் போக ஜோனஸ் போட்டுவைத்த திட்டமெல்லாம் அந்த இடத்தில் உடைகிறது. குழந்தையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு அன்று ராத்திரியே ஓடுகிறான்.

அந்தக் குழந்தை ஒரு வசனம் பேசவில்லை, யாரையும் திருத்தவில்லை. தூங்காமல் அழுதது, அவ்வளவுதான். நான் திருத்துகிற கைப்பிரதிகளில் முதலில் தேடுவது இதைத்தான்: குழந்தை குழந்தையாக இருப்பதே அந்த ஊரில் குற்றமாகிற இடம் எது? அப்படி ஓர் இடம் இல்லை என்றால், குழந்தையை இன்னும் கதைக்குள் கொண்டுவர வேண்டாம் என்று எழுதியவரிடம் சொல்லிவிடுவேன்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு வகையும் இருக்கிறது. எல்லாம் தெரிந்த குழந்தை. கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோட்' 2006இல் வந்தது. எரிந்து சாம்பலான அமெரிக்காவில் ஓர் அப்பாவும் மகனும் தெற்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பெயரே கிடையாது. மனிதரை மனிதர் தின்கிற காலம். அது பையனுக்குத் தெரியும், சாவும் தெரியும். ஒரு பழைய கடையில் கோக் டப்பா ஒன்று கிடைக்கிறது. அப்பா அவனிடம் கொடுக்கிறார். அவன் குடித்துவிட்டு, நீயும் குடி என்கிறான். இனிமேல் இன்னொன்று எனக்குக் கிடைக்கவே கிடைக்காது என்பதால்தானே முழுதும் என்னையே குடிக்கச் சொல்கிறாய் என்றும் கேட்டுவிடுகிறான். இவன் விவரம் தெரியாதவன் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் கள்ளம் இல்லாதவன்.

கதையின் பின்பாதியில் கடற்கரையில் ஒருவன் இவர்களுடைய சாமான்களைத் திருடிக்கொண்டு போகிறான். அப்பா துரத்திப் பிடித்து, துப்பாக்கி முனையில் அவன் உடுத்தியிருந்ததைக்கூட அவிழ்க்கவைத்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார். பையன் அழுகிறான். அவன் அழுகை நிற்காததால் அப்பா திரும்பிப் போகிறார். திருடனைக் காணவில்லை. துணிகளையும் செருப்பையும் சாலையில் வைத்துவிட்டு வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் கவலைப்பட வேண்டியவன் நீ இல்லை என்று அப்பா சொல்லும்போது, இல்லை, நான்தான் என்கிறான் பையன்.

அப்பா செய்தது ஒருவகையில் நியாயம். மகனைக் காப்பாற்றத்தான் செய்தார். அந்த நியாயத்தின் விலை என்ன என்பதைப் பையனின் அழுகை சொல்கிறது. அதனால் எழுத உட்காரும் முன்பே இந்த இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் குழந்தை தெரியாததால் கள்ளமற்றதா, தெரிந்தும் கள்ளமற்றதா? முதல் வகைக்கு ஐந்து வயதுக்குள் இருந்தால் நல்லது. இரண்டாம் வகைக்கு எட்டு, ஒன்பது வயதாவது வேண்டும். என் அனுபவத்தில் எட்டு வயதில் பிள்ளைகள் ஒளிக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஒளிக்கத் தெரிந்த பிறகும் ஒளிக்காமல் கொடுக்கிற குழந்தைக்குத்தான் எடை அதிகம்.

அழகு விஷயத்துக்கு வருவோம். குழந்தையை அழகாக்காதீர்கள். 'தேவதை போல', 'பளிங்குக் கண்கள்', 'கள்ளங்கபடமற்ற புன்னகை' இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம். உர்சுலா லெ குவின் 1973இல் எழுதிய ஓமெலாஸ் கதையில் ஒரு நகரத்தின் சந்தோஷம் முழுவதும் நிலவறையில் அடைபட்ட ஒரு குழந்தையின் துன்பத்தில் நிற்கிறது. அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லவில்லை. பார்த்தால் ஆறு வயது, உண்மையில் பத்தை நெருங்குகிறது. தன் அழுக்கிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து பின்புறமும் தொடையும் புண். அறை மூலையில் இரண்டு துடைப்பங்கள் நிற்கின்றன. குழந்தைக்கு அவற்றைக் கண்டால் பயம். கண்ணை மூடிக்கொள்கிறது, ஆனாலும் அவை அங்கேதான் நிற்கின்றன என்று அதற்குத் தெரியும்.

அந்தத் துடைப்பங்களை நான் மறந்ததே இல்லை. இவ்வளவு பெரிய கொடுமைக்குள்ளும் ஒரு குழந்தை பயப்படுவது துடைப்பத்துக்கு. அது குழந்தைகளுக்கே உரிய பயம். என் வகுப்பில் ஒரு பையன் மூன்று மாதம் கரும்பலகைப் பக்கமே வரவில்லை. சாக்பீஸ் கீறிச்சிடும் சத்தம் அவனுக்குப் பயம். உங்கள் கதையிலும் குழந்தை சர்வாதிகாரிக்குப் பயப்பட வேண்டாம். அந்த ஊரில் உள்ள ஏதாவது ஒரு சின்னப் பொருளுக்குப் பயப்படட்டும். லெ குவினிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. அந்த நகரத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குழந்தையிடம் ஓர் அன்பான வார்த்தைகூடப் பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் கதை குழந்தையைப் பற்றியதாக இருக்கிற அளவுக்கு, அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்களைப் பற்றியதாகவும் ஆகிவிடுகிறது.

இதைச் செய்து காட்டிய ஒரு பாட்டு நம்மிடமே இருக்கிறது. புறநானூற்றின் 46ஆம் பாட்டு. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப் போகிறான். கோவூர் கிழார் நடுவில் வந்து பாடுகிறார். அந்த நேரத்துப் பிள்ளைகளை அவர் இப்படிக் காட்டுகிறார்: "களிறுகண்டு அழூஉம் அழாஅல் மறந்த புன்தலைச் சிறாஅர்". அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டார்கள். தங்களைக் கொல்ல வந்த யானை அது என்று தெரியவில்லை. யானை என்றால் வேடிக்கை. ஆனால் கூடியிருக்கிற மன்றத்தைப் பார்த்து மிரளுகிறார்கள். புலவர் "பாவம்" என்று சொல்லவில்லை, "ஒன்றும் அறியாதவர்கள்" என்றுகூடச் சொல்லவில்லை. அந்த மெல்லிய தலைமுடியையும், எதைப் பார்த்து அழுகை நின்றது என்பதையும் காட்டினார். கடைசியில், கேட்டாயானால் நீ விரும்பியதைச் செய் என்று அரசனிடமே விட்டுவிட்டார். குழந்தையை எழுதும் வித்தை முழுவதும் அந்த யானையில் இருக்கிறது. உங்கள் கதையில் குழந்தை ஆசையோடு பார்க்கிற யானை எது என்று யோசியுங்கள். போலீஸ் வண்டியின் சுழல் விளக்கா? தலைக்கு மேல் பறக்கிற டிரோனா? சீருடையின் பித்தளைப் பொத்தானா?

உங்கள் கதையின் அரசாங்கம் குழந்தைகளை என்ன செய்கிறது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். கதையில் அது வராவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932லேயே 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் எட்டு மாதக் குழந்தைகளைப் புத்தகத்தையும் ரோஜாவையும் நோக்கித் தவழவிட்டு, தொட்டதும் சைரனும் மின்அதிர்ச்சியும் கொடுக்கும் அறையைக் காட்டினார். ஆர்வெலின் '1984'இல் சாவித்துவாரம் வழியாக ஒட்டுக்கேட்டு அப்பாவையே காட்டிக்கொடுக்கிற ஏழு வயது மகள் வருகிறாள். அந்த அப்பா அவளை நினைத்துப் பெருமைப்படுகிறார். கெட்டுப்போன பிள்ளை ஒன்று பக்கத்து வீட்டில் இருந்தால்தான், உங்கள் குழந்தை இன்னும் கெடாமல் இருப்பதன் மதிப்பு வாசகருக்குத் தெரியும்.

குழந்தையைச் சாகடிப்பது பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வாசகர் அழ வேண்டும் என்பதற்காகச் செய்யாதீர்கள். நான் செய்தேன், அது தப்பு. சுசான் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலில், பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவிடும் அரசாங்கப் போட்டியில் பன்னிரண்டு வயது ரூ சாகிறாள். ஆனால் அதற்கு முன்பே அவள் மரத்துக்கு மரம் தாவுவதைப் பார்த்திருக்கிறோம். பழத்தோட்டத்தில் வேலை முடிந்ததை அறிவிக்க அவள் பாடும் நாலு சுர மெட்டைக் கேட்டிருக்கிறோம். அவள் செத்ததும், வேறு மாவட்டத்திலிருந்து வந்த கதாநாயகி காட்னிஸ் அவள் உடம்பைப் பூக்களால் மூடுகிறாள். ரூவின் மாவட்டம் காட்னிஸுக்கு ரொட்டி அனுப்புகிறது. ஒரு சாவால் இரண்டு பக்கமும் ஏதோ நகர்கிறது. உங்கள் கதையில் குழந்தை செத்த மறுநாள் யாருடைய நடவடிக்கையும் மாறவில்லை என்றால், அந்தக் குழந்தை உயிரோடு இருக்கட்டும்.

அப்புறம் பேச்சு. தமிழில் எழுதும்போது இங்கேதான் பெரும்பாலும் சறுக்குகிறது. ஆறு வயதுக் குழந்தை "மனிதர்கள் ஏன் இப்படி மாறிவிட்டார்கள்?" என்று கேட்காது. ஒரு வரிக்கு மேல் பேசவிடாதீர்கள். அந்த வரியும் பேச்சுத்தமிழில், அந்த வீட்டு வழக்கில் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் காலம் பிடிபடாது. என் வகுப்பில் போன வருஷம் நடந்த திருவிழாவும் "நேத்து"தான், தாத்தா செத்ததும் "நேத்து"தான். கெட்ட உலகத்தைப் பற்றிய கதைக்கு இந்த ஒரு சொல் எவ்வளவு உதவும் என்று பாருங்கள். பெரியவர்கள் பழைய நல்ல காலத்தை ரகசியமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, குழந்தை சத்தமாக "நேத்து ஆத்துல தண்ணி ஓடிச்சாம்" என்று சொன்னால் அந்த வீட்டில் எல்லோருக்கும் மூச்சு நின்றுவிடும்.

எழுதுவதற்கு முன் ஒரு பயிற்சி. ஒரு தாளில் குழந்தையின் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். என் பிள்ளைகளின் பைகளில் நான் பார்த்தவை: புளியங்கொட்டை, உடைந்த பல்பம், சோடா மூடி, சத்துணவில் கொடுத்த முட்டையில் தம்பிக்காக எடுத்துவைத்த பாதி. அந்தப் பாதி முட்டையைப் பார்த்த அன்றுதான் என் பழைய கதையைத் திரும்ப எடுத்தேன்.

பழைய வடிவத்தில் ஒரு பத்தி இப்படி இருந்தது: "அவள் தன் பளிங்குக் கண்களால் வறண்ட வானத்தை நோக்கினாள். இந்த உலகில் அன்பு எங்கே போயிற்று என்று அந்தக் கண்கள் கேட்டன." எல்லாவற்றையும் அடித்தேன். இந்தக் குழந்தைக்கு என்ன வேண்டும்? வீட்டில் காய்ச்சலாகக் கிடக்கும் தம்பிக்குத் தண்ணீர் வேண்டும். சட்டம் என்ன? குழந்தைகள் தண்ணீரைச் சாவடியிலேயே குடித்துவிட வேண்டும், வெளியே எடுத்துப்போகக் கூடாது. பள்ளிக் குழாயடியில் தினமும் பார்க்கிற காட்சி ஒன்று ஞாபகம் வந்தது. பிள்ளைகள் வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டு, கன்னம் உப்ப ஓடி வந்து ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சுவார்கள்.

புது வடிவத்தில் அவள் டம்ளரை வாங்கிக் குடிக்கிறாள், ஆனால் விழுங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். காவல்காரன் ஏட்டைத் திறந்து "பேர் என்ன?" என்கிறான். அவள் பேசவில்லை. "பேரைச் சொல்லு." தண்ணீர் சிந்தாமல் இருக்க மோவாயைக் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறாள். பின்னால் வரிசை அமைதியாகிறது. பெயர் சொல்ல மறுப்பவர்களை அந்த ஊரில் என்ன செய்வார்கள் என்று வரிசைக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. காவல்காரன் அவள் கன்னத்தைப் பார்க்கிறான். உதட்டோரம் ஒரு சொட்டு இறங்குகிறது. அவன் ஏட்டில் ஏதோ ஒரு பெயரை எழுதிவிட்டு, "போ" என்கிறான்.

இந்தக் காட்சியில் தீர்மானிக்க வேண்டியவன் காவல்காரன். குழந்தைக்குத் தான் எதையும் எதிர்ப்பதாகத் தெரியவே தெரியாது. சட்டம் ஒரு பக்கம், உப்பிய கன்னம் ஒரு பக்கம், நடுவில் அவன். அவன் மனதில் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். சொல்லாமல் விட்டதுதான் நன்றாக இருந்தது, அதனால் எடுத்துவிட்டேன். சாவடியிலிருந்து வீடு தூரம். அவளுக்கு நூறு வரைதான் எண்ணத் தெரியும். நூறு அடி முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறாள்.

எழுதி முடித்தால் ஒரு குழந்தைக்குச் சொல்லிப் பாருங்கள். பயமுறுத்தும் பகுதிகளை விட்டுவிட்டு, குழந்தை வருகிற இடங்களை மட்டும் சொன்னால் போதும். பொய்யான இடத்தில் அவர்கள் கவனம் சட்டென்று வேறு பக்கம் போய்விடும். நானும் இந்தக் காட்சியை மட்டும் ஒரு மழை நாளில் வகுப்பில் சொன்னேன். யாரும் அசையவில்லை. முடிந்ததும் முன்வரிசையில் இருந்த பெண் கேட்டாள்: "வாயிலயே வச்சிருந்தா தண்ணி சூடாயிடாதா டீச்சர்?"

அன்று சாயங்காலமே கதையின் கடைசி வரியை மாற்றினேன். இப்போது அது இப்படி இருக்கிறது: தம்பி குடித்தபோது தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.